புதுப்பிப்பு: குழுத் தலைவரான பிறகும் நிரலை விட முடியவில்லை என்று எழுதியிருந்தேனே

மூன்று மாதங்களுக்கு முன் புலம்பியிருந்தேன்: மென்பொருள் குழுவில் தலைமைப் பொறுப்பு வந்துவிட்டது, ஆனால் மற்றவர்களின் நிரலைப் பார்த்தால் கை துறுதுறுக்கிறது, இரவில் உட்கார்ந்து நானே திருத்திவிடுகிறேன், குழுவில் யாரும் வாய் திறப்பதில்லை என்று.

திருத்துவதை நிறுத்திவிட்டேன். (முதல் இரண்டு வாரம் சிகரெட்டை விட்டவன் கதைதான்.) மற்றவர்களின் நிரலை மதிப்பாய்வு செய்யும்போது "இது தவறு" என்று எழுதுவதில்லை; "இங்கே தரவு காலியாக வந்தால் என்ன ஆகும்?" என்று கேட்கிறேன்.

வாரம் அரை மணி நேரம் ஒவ்வொருவருடனும் தனிச் சந்திப்பு. தொடக்கத்தில் நானே பேசித் தீர்த்தேன். பிறகு ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கப் பழகினேன். அந்த மௌனம் கொடுமையானது. ஆனால் அப்படியொரு மௌனத்துக்குப் பிறகுதான் குழுவில் இளையவர் சொன்னார்: "எப்படியும் நீங்கள் மாற்றி எழுதிவிடுவீர்கள் சார், அதனால் நிரலைச் சரிபார்க்கும் சோதனைகள் எழுதுவதையே விட்டுவிட்டேன்." சுருக்கென்றது.

அந்தப் பதிவுக்கான பதில்களில் நீங்கள் சுட்டிய, நல்ல மேலாளர் யார் என்று கூகுள் 2008இல் தொடங்கிய ஆய்வையும் படித்தேன். அது முதலில் பட்டியலிட்ட எட்டுப் பண்புகளில் பயிற்றுவிப்பது முதலிடம். தொழில்நுட்பத் திறமை கடைசி. பட்டியலிலாவது இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன்.

தீராதது ஒன்று: "இந்தக் காலக்கெடுவுக்குள் முடியாது" என்று மேலிடத்தில் சொல்வது. இன்னும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. வியாழக்கிழமை மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது.