கோரைநார் எஃப்டிஐஆர்: 1640-ல் நிற்பது லிக்னினா?

கேள்வி: பத்தமடைப் பாய்க்கோரையை 5% காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துக் கழுவி, கேபிஆர் (பொட்டாசியம் புரோமைடு) தூளோடு அழுத்திய பெல்லட்டில் (வில்லை) எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) எடுத்தேன். 1735 செ.மீ⁻¹-ல் இருந்த பீக் போய்விட்டது. 1640 அப்படியே நிற்கிறது. நாரைப் பிணைத்து இறுக்கும் லிக்னின் போகலையா அண்ணாச்சி?

பதில் 1: 1735 போனது சரிதான், நாரில் செல்லுலோஸோடு இருக்கும் ஹெமிசெல்லுலோஸின் அசிட்டைல் எஸ்டர் பிணைப்பைக் காரம் அறுத்துவிடும். 1640 பெரும்பாலும் தண்ணீர். லிக்னினுக்கு 1510-ஐப் பாருங்க. கேபிஆர் ஈரத்தை இழுக்கும், அதுவும் ஐப்பசி மழையில் சொல்லவே வேண்டாம். நாரையும் கேபிஆரையும் 105 டிகிரியில் ராத்திரி முழுக்க உலர்த்தி, டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடுகலம்) ஆறவிட்டு உடனே அழுத்துங்க. 200 மில்லிகிராம் கேபிஆருக்கு நார் 1–2 மில்லிகிராம் போதும். பெல்லட் வெளுத்து மங்கலாக இருந்தால் ஈரம், இல்லை நார் சரியாக அரைபடலை.

பதில் 2: அதுக்காகப் பால் மில்லில் (குண்டுகள் உருண்டு அரைக்கும் இயந்திரம்) மணிக்கணக்கில் போட்டுடாதீங்க. செல்லுலோஸின் படிக அமைப்பே சிதைந்து, அதைக் காட்டும் 1430/897 பீக் விகிதம் இறங்கும். அதைச் சோடாவின் வேலைன்னு தப்பாக எழுதிடுவீங்க. எல்லா மாதிரிக்கும் ஒரே அரைப்பு நேரம் வைங்க.

பதில் 3: சோடா 15%-ஐத் தாண்டினாலும் அந்த விகிதம் இறங்கும். ‘செல்லுலோஸ் I’ என்ற படிக வடிவம் ‘செல்லுலோஸ் II’ ஆக மாறி, 1430 பீக் 1420 பக்கம் நகரும், 897 உயரும். எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) எடுத்து உறுதி செய்யுங்க. கோரையில் சிலிக்கா உண்டு, அதன் பீக்கும் செல்லுலோஸ் பீக்கோடு கலந்துவிடும். 1000–1100 பகுதியை வைத்து எதையும் கணக்கிடாதீங்க.