புது சிஸ்டம், 6 வாரம், 3 பேர்: டெஸ்ட் பிளானை எங்கிருந்து தொடங்குறது?

பூச்சிபிடி:
வணக்கம். 2 வருஷமா டெஸ்டிங்ல இருக்கேன். யாரோ எழுதி வச்ச டெஸ்ட் கேஸை (எதைச் செஞ்சா என்ன வரணும்னு ஒவ்வொண்ணா எழுதின சோதனை) ஓட்டித்தான் பழக்கம். இப்போ முதல் தடவையா பிளானையே என் கையில கொடுத்துட்டாங்க. ஸ்டாக், பில்லிங் ரெண்டையும் பார்த்துக்கிட்டிருந்த பழைய சிஸ்டம் போய்ப் புதுசு வருது. என்னையும் சேர்த்து 3 பேர், கையில 6 வாரம். ஸ்கிரீன் ஸ்கிரீனா உட்கார்ந்து 420 கேஸ் எழுதி முடிச்சேன். மேனேஜர் பார்த்துட்டு, "ஆளுக்கு நாளைக்கு 14 கேஸ்னா 3 பேருக்கு 42. பத்தே நாள்ல முடியுதே, 6 வாரம் எதுக்கு?"ன்னு கேட்டார். கணக்குல தப்பே இல்ல. ஆனா எங்கேயோ இடிக்குது, எங்கேன்னு சொல்லத் தெரியல. அவருக்கு என்ன பதில் சொல்றது? ஸ்டாக் பகுதி வேற பழைய புரோகிராம் கோடுதானாம், அதைத் தொடவே வேண்டாம்ங்கிறாங்க.

இரவுப்பணி:
அந்தப் பத்து நாள், 420-ம் முதல் தடவையே பாஸ் ஆனாத்தான். அப்படி ஆகும்னா உங்க 3 பேருக்கும் அங்க வேலையே இல்லையே! நாலுல ஒண்ணு ஃபெயில்னு வைங்க, 105. ஒவ்வொண்ணையும் திரும்பச் செஞ்சு பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, லாக்கை (சிஸ்டம் தானா எழுதி வைக்கிற பதிவு) தோண்டி, பக் (பிழை) அறிக்கை எழுத அரை மணி. அதுக்கே 50 மணி நேரத்துக்கு மேல போயிடும். அப்புறம் டெவலப்பர் சரிசெய்யணும், புது பில்ட் (சரிசெஞ்ச பதிப்பு) வரணும், அதை மறுபடி ஓட்டணும், ஒண்ணைச் சரிசெய்யப் போய் பக்கத்துல இருந்ததை உடைச்சிருக்காங்களான்னும் பார்க்கணும். நான் எப்பவும் 3 சுற்று போடுவேன். உங்களுக்கு 10, 6, 4 நாள்னு வைங்க. டெஸ்ட் சர்வரும் டேட்டாவும் தயாராக 5 நாள், பயனாளிங்க உட்கார்ந்து பார்க்க 5 நாள். மொத்தம் 30, அதாவது உங்க 6 வாரம். அதுலயும் யாருக்கும் ஒரு நாள் காய்ச்சல் வரக்கூடாது. இதை ஒரே தாள்ல எழுதி அவர் முன்னால வைங்க.

ஆனா எனக்குக் கவலை அந்த 420 மேலதான். ஸ்கிரீனைப் பார்த்து எழுதினா ஸ்கிரீன்ல இருக்கிறது மட்டும்தான் டெஸ்ட் ஆகும். ஒரு புராஜெக்ட்ல எல்லாம் முடிச்சுட்டு, ஒரு மரியாதைக்குத்தான் கணக்குப் பிரிவு அக்கா பக்கத்துல போய் உட்கார்ந்தேன். அவங்க கண்ணு பேப்பர்ல, கை கீபோர்டுல. டேப், டேப், டேப், என்டர். எங்க புது சிஸ்டத்துல மூணாவது டேப் அளவுக் கட்டத்துக்குப் போகாம சேவ் பட்டன்ல போய் நின்னுச்சு. என்டர் விழுந்ததும் பாதி பில் சேவ். அவங்க நிமிர்ந்து பார்க்கிறதுக்குள்ள நாலு பில் அப்படிப் போயிருந்துச்சு. எங்க கேஸ் ஒண்ணுலகூட இது இல்ல. நாங்க அத்தனை பேரும் மவுஸ் பிடிச்சே பழகின கை.

அதனால முதல்ல, எது உடைஞ்சா வேலை நின்னுபோகும்னு உங்க கணக்குப் பிரிவு ஆளுங்களைக் கேளுங்க. மாசக் கடைசிக் கணக்கு, ரிட்டர்ன், போன மாச பில்லைத் திருத்துறது, ஒரே கடைசிப் பீஸை ரெண்டு பேர் ஒரே நேரத்துல பில் போடுறது. பாதி நேரம் இதுக்கே போகட்டும். கலர், எழுத்துப்பிழை எல்லாம் நேரம் மிஞ்சினா.

முடிஞ்ச ஒரு மாசத்து பில் அத்தனையையும் புதுசுலயும் ஓட்டி, மொத்தத்தை ஒப்பிட்டே ஆகணும். பழசு வரிக்கு வரி ரவுண்டு பண்ணியிருக்கும், புதுசு கடைசி மொத்தத்துல பண்ணும். 0.335 மூணு வரி வந்தா பழசுல 1.02, புதுசுல 1.01. தனித்தனியா பார்த்தா ரெண்டும் சரி. ஆனா மாசக் கடைசியில கணக்கு இடிக்கும்.

செமிகோலன்:
டெவலப்பர் பக்கத்துலேர்ந்து ரெண்டு வார்த்தை. நாங்க முழுசா முடிக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க. பில்லிங் மட்டும் தயார்னா அதை மட்டும் வாங்கி ஓட்டுங்க. "வேலை செய்யல"ன்னு ஒரே வரியில பக் போட்டா, சத்தியமா, எங்க வேலைப் பட்டியலோட அடியில போய்த்தான் கிடக்கும்.

பழைய கோடுன்னு தொடாம விடுறது ரொம்ப ஆபத்து. 1996 ஜூன் 4 அன்னிக்குக் கிளம்பின முதல் ஏரியன் 5 ராக்கெட்ல, ஏரியன் 4-ல நல்லா ஓடின கோடை அப்படியே எடுத்து வச்சிருந்தாங்க. புது ராக்கெட்டோட கிடைமட்ட வேகம் அதிகம். 64 பிட் இடத்துல இருந்த எண்ணை 16 பிட் இடத்துக்கு மாத்தும்போது கொள்ளல. ஒரு நிமிஷம் ஆகிறதுக்குள்ள வெடிச்சுச் சிதறிடுச்சு. பிளஸ், மைனஸ் குறியோட வர்ற 16 பிட் எண்ணுக்கு 32,767 தான் எல்லை. உங்க ஸ்டாக் அளவுக் கட்டத்துல 32,768 போட்டுப் பாருங்களேன், ரெண்டு நிமிஷ வேலை.

கீழ்வரிசை:
டேட்டா விஷயத்துல நான் பட்டதைச் சொல்றேன். நிஜ டேட்டாவை அப்படியே டெஸ்ட் சர்வர்ல இறக்கினோம். போன் நம்பரை மாத்தல, எஸ்எம்எஸ் இணைப்பையும் அணைக்கல. ராத்திரி 11 மணிக்கு நிஜ வாடிக்கையாளர்களுக்கு "டெஸ்ட் டெஸ்ட் 123, உங்கள் பாக்கி 99999"ன்னு போச்சு. மறுநாள் முழுக்க மன்னிப்புக் கேட்டே தீர்ந்துச்சு.

பேர் தமிழ்ல வரும்னா "கொ" வர்ற பேரைத் தேடிப் பாருங்க. கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியா சேமிக்கலாம், ஒரே குறியாவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒண்ணுதான், தேடினா ஆளே இல்லைங்கும். கட்டத்துக்கு 20 பைட்னு வச்சிருந்தா அதையும் பாருங்க. யுடிஎஃப்-8ங்கிற எழுத்துச் சேமிப்பு முறையில ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், பேர் பாதியிலேயே வெட்டுப்படும்.

பூச்சிபிடி:
எல்லாருக்கும் நன்றி. மேனேஜர்கிட்ட 30 நாள் தாளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் பயனாளிங்க பார்க்கிற 5 நாளை மட்டும் 3 ஆக்கிட்டார். மீதி அப்படியே ஓகே. 32,768 போட்டேன், ஸ்டாக் மைனஸ்ல காட்டுது. "தொட வேண்டாம்"னு சொன்னவருக்கு ஸ்கிரீன்ஷாட் போயிடுச்சு. நாளைக்குக் காலையில கணக்குப் பிரிவுல போய் உட்காரப் போறேன்.

இரவுப்பணி:
நாளைக்குத் தேதி 12 தானே, சும்மா உட்கார்ந்துட்டு வருவீங்க. மாசக் கடைசிக் கணக்கு நடக்கிற 30-ஆம் தேதி போங்க. மேனேஜர் குறைச்ச அந்த 2 நாளை விட்டுடாதீங்க, ரெண்டாவது சுற்று முடிஞ்சதும் திரும்பக் கேளுங்க.