மோல்மீன் ஆற்றங்கரை வீடு: பழைய மரத்தையும் செம்புறாங்கல்லையும் மறுபடி பயன்படுத்தலாமா?

கேள்வி: மோல்மீன் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். மியன்மாரின் மோல்மீனில், சால்வீன் ஆற்றின் முகத்துவாரத்தைப் பார்த்தபடி என் பாட்டனார் கட்டிய தேக்கு வீட்டில் மூன்றாம் தலைமுறையாகக் குடியிருக்கிறோம். வீட்டின் பின்கட்டு தூண்களின்மேல் நின்று ஆற்றுக்குள் நீள்கிறது. கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் தூண்களில் மூன்றடி வரை ஏறும். சென்ற மழைக்காலம் முடிந்து பார்த்தபோது, ஆற்றோரத் தூண்களில் நான்கு, சேற்று மட்டத்துக்குச் சற்று மேலே இடுப்பு சிறுத்ததுபோல் அரித்துப்போயிருந்தன. மேலே உள்ள உத்திரங்களும் பலகைகளும் இன்றைக்கும் உறுதியாகவே இருக்கின்றன.

ஒப்பந்தக்காரர் ஒருவர் வீடு முழுவதையும் இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்டச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பக்கத்துத் தெருவில் பழைய அரிசி ஆலை ஒன்றைப் பிரிக்கிறார்கள். அதன் பியிங்கடோ என்ற வன்மரத் தூண்களும் அடிப்பீடத்துச் செம்புறாங்கற்களும் விலைக்கு வருகின்றன. அந்தத் தூண்களைத் தண்ணீரில் நிறுத்தலாமா, கற்களைக் கொண்டு ஆற்றங்கரையைக் கட்டலாமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: மாந்தலே ஆசிரியை

சகோதரரே, இடிக்காதீர்கள். பழைய மரத்தை மறுபடி கட்டுவது இந்த நாட்டில் அரசர்களே செய்த வேலை. அமரபுரத்தில் தௌங்தமான் ஏரியின் குறுக்கே 1850ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்ட ஊ பெய்ன் பாலம், பழைய தலைநகரான ஆவாவில் கைவிடப்பட்ட அரண்மனையின் தேக்கு மரங்களால் ஆனது, ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர் நீளம். மிண்டோன் மன்னர் 1878இல் உயிர்நீத்த மாளிகையைப் பிரித்து, தீபா மன்னர் மாந்தலே அரண்மனை மதிலுக்கு வெளியே மடாலயமாகக் கட்டுவித்தார். 1945 மார்ச்சில் அந்த அரண்மனை எரிந்துபோனபோது, அப்படி இடம் மாறியிருந்த ஷ்வேநந்தோ மடாலயம் மட்டும் நமக்கு மிஞ்சியது.

இவையெல்லாம் சாத்தியமானதற்குக் காரணம், கழுந்தும் துளையுமாகப் பூட்டிய மரத்தை உடைக்காமல் கழற்ற முடியும் என்பதுதான். ஆகவே ஆலையைப் பிரிப்பவர்களிடம் கடப்பாரை போடாமல் கழற்றித் தரும்படி இப்போதே பேசிவிடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் எங்கள் ஊரில் கனத்த செங்கல் சுவர்கள் சரிந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். எங்கள் தெருவின் மர வீடுகள் ஆடி நின்றன. கல்லைத் தரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சுவராக மேலே ஏற்றாதீர்கள்.

பதில்: ரங்கூன் தச்சர்

ஆசிரியை அம்மா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஊ பெய்ன் பாலத்தை மோல்மீனுக்கு அளவுகோலாக வைக்க முடியாது. அது நன்னீர் ஏரி. அங்கேயும் தண்ணீரில் நிற்கும் தூண்களில் சிலவற்றைக் கான்கிரீட்டாக மாற்றியிருக்கிறார்கள். தம்பியின் வீட்டடியில் மழைக்காலத்தில் ஆற்று நீர் ஓடினாலும், கோடையில் உப்புத் தண்ணீர் ஏறும். உப்பு ஏறும் இடத்தில் கப்பல் புழு இருக்கும். பெயர்தான் புழு, அது சிப்பி இனம். குஞ்சாக உள்ளே நுழையும் துளை குண்டூசித் தலையளவுதான் இருக்கும். உள்ளே போகப் போகச் சுண்ணாம்பு பூசியதுபோன்ற குழாய்களாக மரத்தைக் குடைந்துவிடும். வெளியில் தட்டிப் பார்த்து ஏமாந்தவன் நான். நல்ல தூண் என்று வாங்கி வந்து வாள் போட்டபோது, வெட்டுமுகம் முழுவதும் தேன்கூடாக இருந்தது.

பியிங்கடோ, தமிழில் இருள் மரம் என்பார்களே அதுதான், மற்ற மரங்களைவிடப் புழுவை நன்றாகத் தாங்கும். ஆனால் அடியோடு தடுக்காது. அதனால் என் யோசனை இதுதான்: ஏற்ற மட்டத்துக்கு ஓரடி மேல் வரை கான்கிரீட் கால் எழுப்பி, அதன்மேல் துத்தநாகம் பூசிய இரும்புக் காலணி (தூணின் அடியைப் பிடிக்கும் தாங்கி) வைத்து, அதற்கு மேலே பழைய பியிங்கடோவை நிறுத்துங்கள். மரத்தின் அடி காலணியில் தேங்கும் தண்ணீரில் ஊறக்கூடாது, வடிய வழி விடுங்கள். ஒப்பந்தக்காரர் சொன்ன கான்கிரீட்டுக்கு வேலை அந்த நான்கு கால்களில்தான், வீட்டில் இல்லை.

மரம் வாங்கும்போது ஒவ்வொரு தூணையும் புரட்டிப் பாருங்கள். ஆலையில் மண்ணுக்குள் இருந்த முனையை வெட்டித் தள்ளுங்கள். வெளிறு, அதாவது மரத்தின் வெளிப்புற மென்பகுதி, ஒட்டியிருந்தால் செதுக்கி எடுத்து, உள்ளிருக்கும் கெட்டியான வைரத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆணிகளைக் காந்தம் வைத்துத் தேடாமல் வாளில் ஏற்றினால் பல் போய்விடும். காய்ந்த பியிங்கடோவில் ஆணி இறங்காது, துளையிட்டு போல்ட்டுதான் போட வேண்டும். வியாபாரி டன் கணக்கில் விலை சொல்வார். மரத்துக்கு டன் என்பது எடை அல்ல, 50 கன அடி என்பதை நினைவில் வையுங்கள், வெட்டித் தள்ளப்போகும் முனைகளுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிடாதீர்கள். பலகைகளில் தேக்கும் இருந்தால், வண்டியில் ஏற்றுவதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்து உரிய தாளைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கட்டடத்து மரம் என்று காட்ட ஆதாரம் வேண்டும்.

பதில்: தட்டோன் கொத்தனார்

அண்ணன், கல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். செம்புறாங்கல் வெட்டியபோது மென்மையாக இருந்து காற்றுப் பட்டு இறுகுவது; பழைய கல் ஏற்கெனவே இறுகியது என்பதால் நம்பி வாங்கலாம். ஆனால் அது தண்ணீரைக் குடிக்கும் கல். சேற்றில் தூணாக நிறுத்தினால் அமிழ்ந்துவிடும். கரைச்சுவருக்குத்தான் அது பொருத்தம். ஆலைக் கல்லில் ஒட்டிய பழைய சாந்தைச் சுத்தியால் தட்டி எடுங்கள். கல்லில் வெள்ளை பூத்திருந்தால் உப்பு இருக்கிறது என்று பொருள். நல்ல தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள்.

சிமென்ட் மட்டும் வைத்துக் கட்டினால் இணைப்பு கல்லைவிடக் கடினமாகி, உப்பும் ஈரமும் கல் வழியே வெளியேறி முகப்பை உதிர்த்துவிடும். நீற்றிய சுண்ணாம்புச் சாந்தே நல்லது. ஏற்ற மட்டத்துக்குக் கீழே வரும் வரிசைகளுக்கு மட்டும் தண்ணீரில் இறுகும் சாந்து வேண்டும். சுவரின் முதுகில் சரளை நிரப்பி, நீர் வடியும் துளைகளை மறக்காமல் விடுங்கள். ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில், ஆறு தள்ளுவதைவிட உங்கள் முற்றத்து மழைநீர் பின்னாலிருந்து தள்ளுவதுதான் சுவரைச் சாய்க்கும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. இன்று காலை வற்றத்தில் இறங்கி, அரித்த தூண் ஒன்றில் சிறு துண்டு வெட்டிப் பார்த்தேன். தச்சர் ஐயா சொன்ன வெண்மையான குழாய்கள் அதில் தெளிவாகத் தெரிந்தன. மற்ற தூண்களிலும் இதேபோல் பார்த்துவிட்டுத்தான் மரத்துக்கு முன்பணம் கொடுப்பேன். ஆலைக்காரர் தூண்களைக் கழற்றித் தருவதற்கு ஒப்புக்கொண்டார். நாளை நானே போய் ஒவ்வொன்றிலும் கரியால் எண் எழுதப்போகிறேன். கரைச்சுவர் வேலையை மழை தொடங்குவதற்கு முன் முடித்துவிட்டு, நான்கு கால்களையும் ஒன்றன்பின் ஒன்றாக, உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்து மாற்ற எண்ணியிருக்கிறேன்.