குடும்பக் குழு: காட்டோரம் ஒரு மாண்டரின் முகாம்

நான்: பிள்ளைகளின் விடுமுறைக்கு ஒரு யோசனை. காட்டை ஒட்டி, ஏரிக்கரையில், குடும்பத்தோடு தங்கி மாண்டரின், அதாவது சீன மொழி, பழகும் முகாம் ஒன்று இருக்கிறது. ஒரு வாரம். பெரியவனுக்கு 10 வயது, சின்னவளுக்கு 7. இரண்டு பேருக்கும் ஒரு சொல்கூடத் தெரியாது, எங்களுக்கும்தான். அக்கா, நீ போன வருடம் இப்படி ஒன்றுக்குப் போனாயே, எப்படி இருந்தது?

அத்தை: காட்டுக்குள்ளா? பூச்சி பொட்டு இருக்குமே கண்ணு.

தம்பி: கூடாரம் இல்லை அத்தை, மரக் கேபின். படம் அனுப்பியிருக்கிறாள் பாருங்கள்.

சித்தப்பா: ஏம்மா, ஊர் சுற்றப் போகிறீர்களா, பாடம் படிக்கப் போகிறீர்களா? இரண்டையும் சேர்த்தால் இரண்டும் அரைகுறையாகத்தான் இருக்கும்.

அக்கா: இப்போதுதான் பார்த்தேன். தாராளமாகப் போ. ஆனால் ஒரு வாரத்தில் பிள்ளைகள் பேசிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போகாதே. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மாண்டரின் சொல்லிக்கொடுக்க ஏறக்குறைய 2200 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. வேலைக்குத் தேவையான அளவு பேசவும் படிக்கவும் வர அவ்வளவு ஆகிறது. முகாமில் நாளுக்கு 8 மணி நேரம் என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் ஒரு வாரத்துக்கு 56. நாற்பதில் ஒரு பங்கு.

சித்தப்பா: அதைத்தான் நானும் சொன்னேன்.

அக்கா: நீங்கள் போகவே வேண்டாம் என்கிறீர்கள் சித்தப்பா. நான் போகலாம் என்கிறேன்.

அண்ணி: பேச வராது என்றால் பிறகு எதற்காகப் போவது?

அக்கா: காதுக்காக. மாண்டரினில் ஒரே அசையைக் குரலை ஏற்றி இறக்கி நான்கு தொனியில் சொன்னால் நான்கு பொருள். அது போக, அழுத்தமே இல்லாமல் ஒன்று. இதைப் புத்தகத்தில் கோடு போட்டுக் காட்டினால் பிள்ளைகளுக்குக் கொட்டாவிதான் வரும். நாங்கள் போன இடத்தில் நடந்துகொண்டே கையை ஆட்டிச் சொல்ல வைத்தார்கள். முதல் தொனிக்குக் கை நேராகப் போகும், இரண்டாவதற்கு ஏறும், மூன்றாவதற்குத் தாழ்ந்து எழும், நான்காவதற்கு வெட்டுவதுபோல் இறங்கும். கத்தினாலும் யாரும் கேட்கப் போவதில்லை. வகுப்பறையில் வாயைத் திறக்காத என் மகள் அந்த ஒற்றையடிப் பாதையில் தொண்டை கட்டும்வரை கத்தினாள்.

தம்பி: காது விஷயத்தில் ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. பட்ரீசியா கூல் என்பவரின் குழு 2003-இல் வெளியிட்டது. ஆங்கிலம் பேசும் வீட்டில் வளரும் 9 மாதக் குழந்தைகளோடு மாண்டரின் பேசுபவர்கள் 12 தடவை உட்கார்ந்து விளையாடினார்கள், கதை படித்துக் காட்டினார்கள். அந்தக் குழந்தைகள் மாண்டரினின் ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவி வழியாகவோ வெறும் ஒலிப்பதிவாகவோ கேட்ட குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை.

சித்தப்பா: அது கைக்குழந்தை. இவன் பத்து வயதுப் பையன்.

தம்பி: சரிதான், அப்படியே பொருத்த முடியாது. ஆனால் செயலியை மட்டும் கையில் கொடுத்துவிட்டு மொழி வரும் என்று காத்திருப்பவர்களுக்கு அதைச் சொல்லலாம் இல்லையா. இந்த மாதிரி முகாமும் புதிதல்ல சித்தப்பா. அமெரிக்காவின் மினசோட்டாவில் கன்கார்டியா கல்லூரி 1961-இல் ஜெர்மன் மொழிக்கு ஆரம்பித்தது, இன்றைக்குப் பல மொழிகளுக்கு நடக்கிறது. மாண்டரின் கிராமத்தின் பெயர் சென் லின் ஹூ. பிள்ளைகள் உள்ளே நுழையும்போதே அந்த மொழியில் புதுப் பெயர் வாங்கிக்கொள்வார்கள்.

அத்தை: பெயரை மாற்றுவார்களா?

தம்பி: முகாம் முடியும்வரைதான் அத்தை. வீட்டுக்கு வந்தால் பழைய பெயர்தான்.

நான்: அக்கா, இயற்கைச் சூழல் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அதனால் மொழிக்கு உண்மையிலேயே பயன் உண்டா, அழகுக்குச் சொல்கிறார்களா?

அக்கா: நடத்துபவரைப் பொறுத்தது. சும்மா மரத்தடியில் பாய் விரித்து அதே அட்டைகளைக் காட்டினால் வகுப்பறைதான், கூரை இல்லை, அவ்வளவே. எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன். மாண்டரினில் எதை எண்ணினாலும் எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே ஓர் அளவுச் சொல் வர வேண்டும். பொருளைப் பார்த்து அந்தச் சொல் மாறும். ஆறு, பாதை, பாம்பு, மீன் எல்லாவற்றுக்கும் 'தியாவ்', ஏனென்றால் நீளம். பூவுக்கும் மேகத்துக்கும் 'துவோ'. இலைக்கு 'பியென்'. பட்டியலாகப் படித்தால் இது தண்டனை. ஆற்றைக் காட்டி ஒரு தடவை, வழியைக் காட்டி ஒரு தடவை, வழியில் கிடந்த கயிற்றைக் காட்டி ஒரு தடவை கேட்டபோது என் பையனுக்கே பிடிபட்டுவிட்டது. நீளமான குச்சி ஒன்றைத் தூக்கிக்கொண்டு 'தியாவா?' என்று ஓடினான். குச்சிக்கு வேறு சொல்லாம். ஆனால் அவன் கேட்டது சரியான கேள்வி.

அக்கா: எழுத்தும் அப்படித்தான். மரம் என்ற எழுத்தை இரண்டு தடவை பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் தோப்பு, மூன்று சேர்ந்தால் காடு. ஈர மண்ணில் குச்சியால் எழுதினார்கள், தட்டைப் பாறையில் தூரிகையைத் தண்ணீரில் தோய்த்து எழுதினார்கள். சீனாவில் பூங்காக்களில் பெரியவர்கள் இப்படித் தரையில் தண்ணீரால் எழுதுவது வழக்கம். வெயிலில் காய்ந்துவிடும், பிழை பற்றிய பயமே இல்லை.

அண்ணி: எங்கள் வீட்டுச் சுவரில் எழுதுபவனை முதலில் அங்கே அனுப்ப வேண்டும்.

நான்: உச்சரிப்பு நமக்கு வருமா? எனக்கே பயமாக இருக்கிறது.

தம்பி: ஒன்று சுலபம், ஒன்று கஷ்டம். அவர்களுடைய 'ர' நம் 'ழ'வுக்குக் கிட்டத்தட்டப் பக்கத்து வீடு, அதில் நம் பிள்ளைகளுக்குத் தொல்லை குறைவு. கஷ்டம் காற்றில் இருக்கிறது. நம் 'ப' ஒன்றுதான், மூச்சு விடாமல் சொல்வோம். அங்கே மூச்சோடு ஒரு 'ப', மூச்சில்லாமல் ஒரு 'ப', இரண்டும் வேறு வேறு. வாய்க்கு முன் மெல்லிய தாளோ இலையோ பிடித்துச் சொல்லிப் பார்க்கச் சொல். மூச்சுள்ளதற்கு ஆடும், மற்றதற்கு ஆடாது.

தம்பி: இன்னொன்று, பின்யின். மாண்டரினை ரோமன் எழுத்தில், அதாவது ஆங்கில எழுத்துகளில், எழுதும் முறை; 1958-இல் சீனா ஏற்றுக்கொண்டது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் அதை முதல் நாளே காட்டினால் ஆங்கிலத்தில்போலப் படித்துத் தொலைக்கும், அப்புறம் திருத்த முடியாது. பெரியவனுக்கு இந்த ஆபத்து அதிகம். இரண்டு மூன்று நாள் காதால் மட்டும் கேட்கட்டும்.

அத்தை: சின்னவள் ஒன்றும் புரியாமல் அழுதால்?

அக்கா: முதல் நாள் அழலாம் அத்தை. பேசாமலும் இருக்கலாம். புது மொழிக்குள் போகும் குழந்தைகள் நிறையப் பேர் முதலில் கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருப்பார்கள். அந்த நேரத்தில் 'எங்கே, சொல்லிக் காட்டு' என்று தாத்தா பாட்டிக்கு வீடியோ அழைப்பு போட்டுக் கேட்கக் கூடாது. உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அத்தை: நான் எதற்குக் கேட்கப் போகிறேன்.

அக்கா: சரி, முக்கியமானது இனிமேல்தான். குடும்ப முகாமில் மொழி ஒழுகிப் போகிற ஓட்டை பெற்றோர்தான். பயிற்றுநர் மாண்டரினில் 'ஷூவைப் போட்டுக்கொள்' என்று சைகையோடு சொல்லுவார். குழந்தை அவர் கையைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் போகிற அந்த நொடியில் பக்கத்தில் நிற்கும் அம்மா 'ஷூ போடச் சொல்றாங்க' என்று தமிழில் சொல்லிவிடுவாள். அவ்வளவுதான், குழந்தை அடுத்த தடவை பயிற்றுநரைப் பார்க்காது, அம்மாவைப் பார்க்கும். நாங்கள் போன இடத்தில் மத்தியானம் ஆனதும் பெற்றோரெல்லாம் ஒரு மேசையில் கூடி அரட்டை, பயிற்றுநர்களும் களைத்துப்போய் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்கள். காலையில் சேர்த்ததெல்லாம் மாலையில் போச்சு. அது போன்ற இடத்துக்கு நான் மறுபடி பணம் கட்ட மாட்டேன்.

நான்: அப்போது பிள்ளைகளை மட்டும் விட்டுவிடும் முகாம்தான் நல்லதா?

அக்கா: பெரியவனுக்கு இருக்கலாம். ஆனால் 7 வயதுக்கு நீ கூட இருந்தால் தெம்பு. தவிர, வீட்டுக்கு வந்த பிறகு அவர்களோடு நாலு வாக்கியமாவது பேச யார் இருக்கிறார்கள்? நீங்களும் கற்றால்தான் உண்டு. அம்மா தடுமாறுவதைப் பார்ப்பதே பிள்ளைகளுக்குப் பெரிய ஊக்கம். என் மகள் என் மூன்றாம் தொனியைத் திருத்தியபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

தம்பி: 1965-இல் மொன்றியல் பக்கத்தில் செயின்ட் லாம்பர்ட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு முழுக்கப் பிரெஞ்சில் மழலையர் வகுப்பு தொடங்கியதே, அதுவும் பெற்றோர் போராடிக் கேட்டதால்தான். கனடாவில் இந்த முறை பரவியது அங்கிருந்துதான்.

சித்தப்பா: இவ்வளவு பேசுகிறீர்களே, பாதுகாப்பைப் பற்றி யாராவது கேட்டீர்களா? ஏரியில் இறங்கும்போது 'போகாதே' என்பதை மாண்டரினில் சொன்னால் பிள்ளைக்கு எப்படிப் புரியும்?

அக்கா: நல்ல கேள்வி சித்தப்பா. நீந்துவது, நெருப்பு, ஒவ்வாமை, காய்ச்சல் இதெல்லாம் குழந்தைக்குத் தெரிந்த மொழியில்தான் சொல்ல வேண்டும். அதிலும் மாண்டரின்தான் என்று கெடுபிடி காட்டும் முகாமை நம்பவே கூடாது.

நான்: அப்படியானால் பணம் கட்டும் முன் என்னென்ன கேட்க வேண்டும், சொல்லுங்கள். இன்றே எழுதிவிடுகிறேன்.

அக்கா: வகுப்பு நேரத்துக்கு வெளியே, சாப்பாட்டு மேசையிலும் நடைபயணத்திலும், பயிற்றுநர்கள் எந்த மொழி பேசுவார்கள் என்று கேள். பெற்றோருக்குத் தனி வகுப்பு உண்டா, பிள்ளைகளின் குழுவில் பெற்றோர் எப்போது சேரலாம் என்று கேள். வீட்டில் ஏற்கெனவே மாண்டரின் பேசும் பிள்ளைகளும் வருவார்கள். அவர்களையும் புதியவர்களையும் எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதும் முக்கியம், இல்லையென்றால் பெரியவன் ஓரமாக உட்கார்ந்துவிடுவான்.

தம்பி: சீன எழுத்தில் இரண்டு வகை உண்டு, எளிதாக்கிய எழுத்தா, மரபு எழுத்தா என்றும் கேள். பிறகு தொடர்ந்து படிக்கும்போது அதே வகை கிடைத்தால் குழப்பம் இல்லை. பயிற்றுநர்கள் வெவ்வேறு பகுதிக்காரர்களாக இருந்தால் இன்னும் நல்லது. வடக்கே இருந்து வருபவரும் தெற்கே இருந்து வருபவரும் ஒரே மாதிரி உச்சரிக்க மாட்டார்கள்.

அண்ணி: முகாம் முடிந்த பிறகு என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். இவர்கள் மறக்க இரண்டு வாரம் போதும்.

(மாலை)

நான்: பதில் வந்துவிட்டது. காலையில் பெற்றோருக்குத் தனிக் குழு. மதியத்துக்கு மேல் எல்லோரும் சேர்ந்து நடை, எழுத்து, சமையல். மேசையிலும் மாண்டரின்தான், தேவை என்றால் கையைத் தூக்கிக் கேட்கலாம். நீச்சலுக்கும் மருந்துக்கும் ஆங்கிலம். புதியவர்கள் தனிக் குழு. எழுத்து எளிதாக்கியது. முகாமுக்குப் பிறகு என்ன என்ற கேள்விக்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை.

தம்பி: அதை அவர்களிடம் எதிர்பார்க்காதே. வாரம் ஒரு நாள் வீடியோவில் ஓர் ஆசிரியரோடு அரை மணி நேரம் இப்போதே ஏற்பாடு செய். முகாமுக்கு முன்பே தொடங்கினால் இன்னும் நல்லது, முதல் நாள் அழுகையும் குறையும்.

அண்ணி: கேட்கக் கேட்க எனக்கும் ஆசையாக இருக்கிறது. கேபினில் 6 பேர் தங்கலாமாமே? எங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நானும் வரட்டுமா?

அத்தை: சேர்ந்து போங்கள், எனக்கும் நிம்மதி.

அக்கா: வாருங்கள் அண்ணி, ஆனால் நான்கு பிள்ளைகளும் ஒரே குழுவில் இருந்தால் ஏழு நாளும் தமிழ்தான்.

அண்ணி: அதற்காக வர வேண்டாம் என்கிறீர்களா?

அக்கா: ஐயோ, இல்லை. பகலில் வேறு வேறு குழு, ராத்திரி ஒரே கேபின். அப்படிப் பிரித்துப் போடுவார்களா என்று இவளையே கேட்கச் சொல்லுங்கள்.

நான்: இப்போதே எழுதுகிறேன். அண்ணி, பிள்ளைகளின் வயதையும் ஒவ்வாமை ஏதாவது இருந்தால் அதையும் அனுப்புங்கள், படிவத்தில் கேட்கிறார்கள்.

அண்ணி: பெரியவளுக்கு 9, சின்னவனுக்கு 6. அவனுக்குத் தேனீ கடித்தால் வீங்கிவிடும், அதை மறக்காமல் போடுங்கள்.

சித்தப்பா: அதை இரண்டு மொழியிலும் எழுதச் சொல்லும்மா.