‘காமன் கேரியர்’: வியாழனுக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

ஈசூன் ஆசிரியை:
வணக்கம். வெள்ளிக்கிழமை சிங்கப்பூரில் என் உயர்நிலை நான்காம் வகுப்பு மாணவர்களுக்கு விவாதம். தனியார் ரயில் நிறுவனத்துக்குப் பொதுச் சேவைக் கடமை உண்டா என்பது தலைப்பு. அமெரிக்காவில் சரக்கு ரயில் பெரும்பாலும் தனியார் கையில், தண்டவாளமும் அவர்களுடையதே. ஆனாலும் நியாயமான கோரிக்கையோடு வருகிற சரக்கை அவர்கள் மறுக்கக் கூடாது என்று சட்டம். அந்த நிலையில் இருப்பவர்தான் ‘காமன் கேரியர்’. ‘பொதுச் சுமப்பாளர்’ என்று எழுதிப் போட்டேன். ஒரு பையன் எழுந்து, “டீச்சர், தனியார்னு சொல்றீங்க, அப்புறம் பொதுன்னு சொல்றீங்க, ரெண்டுல எது?” என்றான். விழித்தேன். கைத்தாள் வியாழன் இரவு அச்சுக்குப் போக வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, சுமப்பாளர் என்றால் மூட்டை தூக்குபவர். வேருக்குப் போவோம். பொறு என்பதிலிருந்துதான் பொறையும் (பாரம்) பொறுப்பும் வருகின்றன. பாரத்தையும் கடமையையும் ஒரே வேர் தாங்கும்போது நமக்கு வேறென்ன வேண்டும்? ‘பொதுப்பொறையர்’. சேரருக்கே பொறையன் என்ற பட்டம் உண்டு.

தேக்கா அன்பர்:
ஐயா, சேரன் பொறையனில் உள்ள பொறை மலை அல்லவா? தமிழ்நாட்டு டீக்கடையில் பொறை என்றால் நாய்க்குப் போடுகிற ரொட்டி. பிள்ளைகள் பாவம். தவிரவும் விஷயம் சுமப்பதில் இல்லை, மறுக்காமல் இருப்பதில்தான் இருக்கிறது. போன வாரம் மழையில் சிராங்கூன் சாலையில் நின்றேன், டாக்சி வந்து நின்றது, கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி “எங்கே?” என்றார், “உட்லண்ட்ஸ்” என்றேன், கண்ணாடி மேலே போய்விட்டது. அப்படிச் செய்யக் கூடாதவர்தான் காமன் கேரியர். ‘மறுப்பிலா ஊர்தியர்’ என்று வையுங்கள்.

சட்ட மொழிபெயர்ப்பாளர்:
அண்ணே, ‘மறுப்பிலா’ சட்டத்தைவிட ஒரு படி மேலே போகிறது. 2005இல் தென் கரோலினாவின் கிரானிட்வில்லில் ரயில் மோதிக் குளோரின் கசிந்து 9 பேர் இறந்தார்கள். அப்புறம் இந்த மாதிரிச் சரக்கு எங்களுக்கு வேண்டாம் என்று ரயில்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். யூனியன் பசிபிக் என்ற ரயில் நிறுவனத்தின் விவகாரத்தில், தூரம் அதிகம் என்பதற்காகக் குளோரினை மறுக்க முடியாது, கட்டணம் சொல்லியே ஆகவேண்டும் என்று 2009இல் அமெரிக்க ரயில் ஒழுங்குமுறை வாரியம் தீர்த்தது. ஆனால் பயணிகள் விஷயம் வேறு. அமெரிக்க அரசு அமைத்த பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக் 1971 மே 1இல் ஓடத் தொடங்கியபோது, அதில் சேர்ந்த தனியார் ரயில்களுக்குப் பயணிகளை ஏற்றும் கடமை போய்விட்டது. அரசு சுமத்தியதை அரசே இறக்கியும் வைக்கிறது.

பையன் கேட்டதற்கு என் பதில்: இங்கே ‘பொது’ யார் சொத்து என்பதைச் சொல்லவில்லை, யாருக்குச் சேவை என்பதைச் சொல்கிறது. அவன் குழம்புவது இயல்புதான். நம் சிங்கப்பூர் எம்ஆர்டி நகர ரயிலில் தண்டவாளமும் ரயிலும் நிலப் போக்குவரத்து ஆணையத்துடையவை, ஓட்டுவது மட்டும் உரிமம் பெற்ற நிறுவனம். ‘பொது ஏற்றுநர்’ போதும் என்பேன். தலைப்பில் ‘கடமை’யே இருக்கட்டும், ‘கடப்பாடு’ வேண்டாம். குறள் 211இல் கடப்பாடு கைம்மாறு வேண்டாதது, ரயில் நிறுவனமோ காசு வாங்கிக்கொண்டு ஏற்றுகிறது.

தேக்கா அன்பர்:
ஏற்றுநர் என்றால் ஏற்றுமதிக்காரர் மாதிரி இல்லையா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
குறளை இப்படிச் சட்டப் புத்தகம் ஆக்காதீர்கள். மழைக்குச் சொன்னது அது.

ஈசூன் ஆசிரியை:
இப்போது மணி 11:40. ‘பொது ஏற்றுநர்’ என்று போட்டு, அடியில் ‘காமன் கேரியர், கேட்டு வருகிற யாருக்கும் நியாயமான கட்டணத்தில் ஏற்றிச் செல்லக் கடமைப்பட்டவர்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
சரி அம்மா, அச்சுக்குப் போகட்டும். பொறையருக்கு ஒரு ஓட்டு விழுந்தது என்று மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். நாய் ரொட்டியின் பெயர் எங்கிருந்து வந்தது என்று தனி மடல் எழுதுகிறேன்.