தூதரா வந்த ஜெனேவை ஏன் திருப்பி அனுப்பச் சொன்னாங்க?

மாறன்77: 1793ல பிரான்ஸ் தூதர் ஜெனே சார்ல்ஸ்டன்ல இறங்கினப்போ அமெரிக்கால பயங்கர வரவேற்பாம், அப்புறம் அதே வருஷமே ஆளைத் திரும்பக் கூப்பிட்டுக்கோன்னு சொல்லிட்டாங்க. அப்படி என்னதான் பண்ணார்?

திண்ணைவாசி: வரவேற்புல தலைகால் புரியல அவருக்கு. பிரான்ஸ்-பிரிட்டன் சண்டைல நாங்க நடுநிலைன்னு ஜனாதிபதி வாஷிங்டன் அறிவிச்சப்புறமும் பிரிட்டிஷ் கப்பலைப் பிடிக்க அமெரிக்க துறைமுகத்துலயே கப்பல் ரெடி பண்ணி, தலைநகர் ஃபிலடெல்ஃபியால கண்ணு முன்னாடியே ஒண்ணைக் கிளப்பி விட்டார், கேட்டா ஜனங்ககிட்ட நேரா முறையிடுவேன்னு மிரட்டல் வேற. ஆதரவா இருந்த வெளியுறவு அமைச்சர் ஜெஃபர்சனே கைகழுவிட்டார்.

கயல்: காமெடி என்னன்னா அதுக்குள்ள பாரிஸ்ல ஜேக்கபின்கள்னு தீவிர புரட்சிக்காரங்க கை ஓங்கிடுச்சு, திரும்பிப் போனா கில்லட்டின்ல தலை போயிருக்கும். கடைசில வாஷிங்டனே தஞ்சம் குடுத்தார், மனுஷன் நியூயார்க் கவர்னர் ஜார்ஜ் க்ளிண்டன் பொண்ணைக் கட்டிக்கிட்டு அங்கயே செட்டிலாயிட்டார் 😄

பழையபேப்பர்: 1796 அமெரிக்க ஜனாதிபதி தேர்தலையும் பாருங்க. அப்போ பிரான்ஸ் தூதரா இருந்த பியர் அடேங்கிறவர், ஜெஃபர்சன் ஜெயிக்கணும்னு அமெரிக்க அரசைத் திட்டின கடிதங்களை பேப்பர்லயே போட வச்சார், ஆனாலும் எலக்டோரல் ஓட்டுல ஆடம்ஸ் 71, ஜெஃபர்சன் 68னு ஆடம்ஸ்தான் ஜெயிச்சார். அதுக்காக ஆடம்ஸோட கட்சி ஃபெடரலிஸ்ட்காரங்க உத்தமர்னு நினைச்சுடாதீங்க, அந்தக் கட்சித் தலைவர், நிதியமைச்சரா இருந்த ஹாமில்டன் பிரிட்டிஷ் ஏஜென்ட் பெக்வித்கிட்ட தனியா பேசிட்டிருந்தவர்தான், பெக்வித் அனுப்பின ரிப்போர்ட்ல ஹாமில்டனுக்கு ரகசியப் பேர் ‘நம்பர் 7’.