சிகாகோ ரிக்லி ஃபீல்டு மேட்ச்: எங்க சீட் எடுக்கலாம்?

ஹாய் மக்களே, அடுத்த மாசம் ஒரு வீக்கெண்டு இண்டியானாபொலிஸ்ல இருந்து சிகாகோ போறோம், சனிக்கிழமை மதியம் 1:20க்கு ரிக்லி ஃபீல்டு ஸ்டேடியத்துல கப்ஸ் (சிகாகோ பேஸ்பால் டீம்) மேட்ச். ஊர்ல இருந்து வந்திருக்குற அப்பா அம்மாவும் கூட வர்றாங்க, அப்பா கிரிக்கெட் பைத்தியம், பேஸ்பால் தலையும் புரியாது வாலும் புரியாது, ஆனா 1914ல கட்டுன ஸ்டேடியம், சுவர் முழுக்க கொடி படர்ந்திருக்கும், பெரிய ஸ்கோர்போர்டை இன்னும் ஆள் உள்ள உக்காந்து கையாலதான் மாத்துறாங்கன்னு சொன்னதும் உடனே கிளம்பிட்டார்.

டிக்கெட் இன்னும் போடல. ப்ளீச்சர்ஸ்ல (கூரை இல்லாத பெஞ்ச் வரிசை) சீட் நம்பரே கிடையாது, முன்னாடி போறவங்களுக்குத்தான் நல்ல இடம், வெயிலும் மண்டைய பொளக்கும், அம்மாவுக்கு சரிப்படாது, மூட்டு வலி வேற. அதான் கூரைக்கு அடியில இருக்குற 200 செக்‌ஷன் பாக்குறேன், ஆனா அங்க தூண் மறைக்குமாமே? எந்த வரிசைன்னா மறைக்காது? போனவங்க சொல்லுங்க.

அந்த ஏரியால பார்க்கிங் தேடி அலைய நம்மால ஆகாது, காரை ஹோட்டல்லயே விட்டுட்டு ரெட் லைன் ட்ரெயின்ல போய் ஸ்டேடியம் பக்கத்துல இருக்குற ஆடிசன் ஸ்டேஷன்ல இறங்கிடலாம்னு ப்ளான். மேட்ச் முடிஞ்சு கூட்டத்தோட பெரியவங்கள கூட்டிட்டு ட்ரெயின் ஏற முடியுமா, இல்ல ஒரு மணி நேரம் கழிச்சு கிளம்புறது பெட்டரா?

சாயங்காலம் நம்ம ஊர் கடைங்க நிறைய இருக்குற டெவான் அவென்யூல தோசை நல்லா இருக்குற கடையும் சொல்லுங்க, அம்மா சுத்த சைவம். கப்ஸா, சிகாகோவோட இன்னொரு டீம் ஒயிட் சாக்ஸான்னு சண்டை மட்டும் இங்க வேணாம் சாமி 🙏